பின்னட்டையின் உட்பக்கம்

முப்பத்தேழு புத்தகங்கள் வந்துவிட்ட வரிசையில்
அது மூன்றாவது.
அட்டையில் எரிகிற கப்பல்.
அதன் முன்னே காப்டன் ப்ரெக்கே,
வலது கையில் துப்பாக்கி.
இடது கையை வரைய ஓவியர் மறந்துவிட்டார்.

எங்கள் நூலகப் படகு
ஃபியோர்டுக்குள் ஆண்டுக்கு இரண்டு தடவை போகும்,
பனி உருகும்போது ஒன்று,
பனி விழுவதற்குள் ஒன்று.
ஒரு கரையில் இறங்கும் புத்தகம்
அரை வருஷம் கழித்து ஏறி
அடுத்த கரையில் இறங்கும்.
மொத்தம் ஏழு கரைகள்.
கிறுக்கல்களை அழிப்பதற்கென்று
எனக்கு ஒரு ரப்பரும் தந்திருக்கிறார்கள்.

ஆரம்பித்துவைத்தவர் சன்நெஸ் கரை ஐலிஃப்.
பென்சிலில், பின்னட்டையின் உட்பக்கத்தில்:
"நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிட்டேன்.
மிச்சத்தை மழைக்காகப் படித்தேன்."
அதன் கீழே, அக்டோபரில், வேறு கையெழுத்து:
"பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி."

ரக்ன்ஃப்ரிட், வயது பதினான்கு:
"இதில் பெண்களுக்குப் பேச்சே இல்லை.
ஒருத்தி காபி கொண்டுவருகிறாள்.
ஒருத்தி சாகிறாள்."
அதற்கு யாரோ திருத்தம் போட்டிருந்தார்கள்:
"இரண்டும் ஒருத்திதான். மறுபடி பார்."

முப்பத்தேழையும் முடித்த குன்வோர்
பள்ளிக்கூடத்துச் சாய்வெழுத்தில் எழுதினாள்:
"இருபதாவது புத்தகத்து ப்ரெக்கே
எதற்கும் பயப்படமாட்டான்.
இதில் படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுக்கிறான்.
எனக்கு இவன் போதும்."

தன் கேலிக்கு வந்த பதிலைப் பார்க்க
ஐலிஃபுக்கு மூன்றரை வருஷம் பிடித்தது.
பார்த்துவிட்டு எழுதினார்:
"இரண்டாம் தடவை படித்தேன்.
நான் பிடித்தது தப்பான ஆளை."

இவற்றை எப்படி அழிப்பது?
ரப்பரை எடுப்பேன்,
படகு கொஞ்சம் ஆடும்,
திரும்ப டப்பாவில் போட்டுவிடுவேன்.

நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில்
காப்டன் ப்ரெக்கே
நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்து
சர்ரென்று மேலே வருகிறான்.
தலையை உதறுகிறான்.
சிகரெட் பற்றவைக்கிறான்.
எத்தனையோ பேர் தாண்டிப்போன பக்கம்.
ஒரு வசந்தத்தில் திரும்பியபோது
அதன் ஓரத்தில், நீல மையில்:

"இப்படி வர முடியாது.
என் தம்பி வந்தான்."

பெயர் இல்லை. தேதி இல்லை.
எந்தக் கரையிலிருந்து புத்தகம் ஏறியதென்று
என் பதிவேட்டில் இருக்கிறது.
அங்கே ஆட்களே பதினொரு பேர்.
நான் புரட்டவில்லை.

அடுத்த கரை ஒன்றும் எழுதவில்லை.
அதற்கடுத்ததும்.
பின்னட்டைச் சண்டைகூட
ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கொண்டது.
பிறகு சன்நெஸிலிருந்து வந்தபோது பார்த்தேன்.
சிகரெட் வாக்கியத்தின்மேல்
மெல்லிசாக ஒரு பென்சில் கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டது.

இந்த வருஷம் தலைமை அலுவலகம்
புதுப் பிரதி அனுப்பியது.
வழவழ அட்டை, காப்டனுக்கு இரண்டு கைகள்.
பழையதைக் கழித்துவிடும்படி ஒரு குறிப்பு.
நூற்று எண்பத்தெட்டைத் திறந்து
பேனாவோடு கொஞ்ச நேரம் இருந்தேன்.
அந்த இரண்டு வரி என்னுடையதல்ல.
மூடிவிட்டேன்.

அடுத்த கரையில் குன்வோர் ஏறினாள்,
பூட்ஸில் சேறு,
கையில் திருப்பித்தர வேண்டிய நான்கு புத்தகங்கள்.
புதியதை எடுத்தாள்,
நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.
"இதில் ஒன்றுமே இல்லையே?"

எல்லாப் பக்கமும் இருக்கிறது, எண்ணினேன் என்றேன்.

அவள் அதை அலமாரியில் செருகிவிட்டு
என் மேஜைக்கு அடியிலிருந்த
கழிவுப் பெட்டியைப் பார்த்தாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வெளியே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் போனபின் பதிவேட்டில்
கழிக்கப்பட்டது என்று எழுதினேன்,
பென்சிலில்.