காலை உணவுக்கு அரைமணி முன்

மாத்திரை அட்டையின் முதுகில்
கசான் மருந்துக்கடைப் பெண் பென்சிலால் எழுதித் தந்தது:
காலை உணவுக்கு அரைமணி முன், வெறும் வயிற்றில்.
எந்த ஊர்க் காலை என்று எழுதவில்லை.
ரம்ஸியா கேட்கவுமில்லை, பின்னால் வரிசை நின்றது.

ஒன்பதாம் பெட்டிக்கு அவள் பொறுப்பு.
விளாதிவஸ்தோக் போக ஒரு வாரம், திரும்ப ஒரு வாரம்.
அந்த வருடங்களில் வழிநெடுக நிலையக் கடிகாரங்கள்
மாஸ்கோ நேரத்தைத்தான் காட்டின.
ஸீமாவில் விடிந்து, பனியில் நாய்கள் கடித்துக்கொள்ளும்போது
நடைமேடைக் கடிகாரத்தில் அதிகாலை மூன்று.
பயணிகள் யாரும் அதைத் திட்டவில்லை.
வயிறுதான் திட்டியது.

பகல் கபிட்டலினாவுக்கு, இரவு இவளுக்கு.
எல்லாரும் போர்வைக்குள் போனபின்
நடைவழிக் கோடியில் கொதிகலனுக்குக் கரி தள்ளுவாள்,
தேநீர்த் தம்ளர்களை எண்ணி வைப்பாள்.
பத்து மணிக்கு மேல்
(கடிகாரத்தின் பத்து அல்ல, ஜன்னலுக்கு வெளியே உள்ள இருட்டின் பத்து)
உள்ளே இன்னொரு கொதிகலன் பற்றும்.
புளியேப்பம்.
பிறகு நெஞ்சிலிருந்து தொண்டைவரை உரசிக்கொண்டு ஏறும் ஒரு தீக்குச்சி.
இரண்டு மணிவரை இறங்காது.
அதற்கு அவள் ஒரு கரண்டி கரிகூடப் போட்டதில்லை.

வயிற்றைக் கழுவத்தானே இந்த வேலை,
அதே வயிறு இப்படிச் செய்கிறதே என்றாள்.
சோடா உப்பைக் கரைத்துக் குடி என்றாள் கபிட்டலினா.
குடித்தாள். ஏப்பம் வந்தது, எரிச்சல் போகவில்லை.

முதல் மூன்று பயணங்களில்
கடிகாரத்தை நம்பி ஏழு மணிக்கு விழுங்கினாள்.
சீத்தாவில் அப்போது பகல் ஒன்று.
முட்டைக்கோஸ் ரொட்டி தின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

நான்காம் பயணத்தில், பைக்கால் ஏரிக்கரை வளைவில்,
எட்டாக மடித்த மருந்துச்சீட்டைப் பிரித்துப் படித்தாள்.
அமிலம் இறைக்கும் பம்புகள் பட்டினியில் தூங்குமாம்,
சோறு வரும்போது எழுமாம்.
எழுந்ததைத்தான் மருந்து பிடிக்கும்,
தூங்குவதை அதற்குத் தெரியாது.
இது அவளுக்கு உடனே புரிந்தது.
ஏறுகிறவனிடம்தான் சீட்டுக் கேட்க முடியும்,
ரயில் நிற்குமுன்
கதவருகே போய் நின்றிருக்க வேண்டும்.

அன்று முதல் வானத்தையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டாள்.
அந்திக்குக் கபிட்டலினா கதவைத் தட்டும் ஓசைதான் காலை.
எழுந்ததும் மாத்திரை,
அரைமணி படுக்கைவிரிப்பு மடிப்பு,
பிறகு கிண்ணத்தில் பக்வீட் கஞ்சி.
ஜன்னலில் சூரியன் பிர்ச் மரங்களுக்குப் பின் விழுந்துகொண்டிருக்கும்.
"காலை வணக்கம்" என்பாள் கபிட்டலினா,
சிரிக்கமாட்டாள்.

பாதி அடங்கியது.
மீதியை, இரவு தன் கையில் வைத்துக்கொண்டது.

இப்போது கசானில், விடுமுறையின் இரண்டாம் நாள்.
மாமியார் மேசையில் வாத்துக்கறி ஆவி விடுகிறது,
மச்சினன் மகன் ரயிலைப் பற்றிக் கேட்கிறான்.
இரவு எட்டு.
ரம்ஸியா கரண்டியை வைத்துவிட்டு
நெஞ்சில் கை வைக்கிறாள்.
இர்கூத்ஸ்கில் மணி ஒன்று.

"உடம்புக்கு என்ன?"
"ஒன்றுமில்லை. நான் வந்துவிட்டேன்.
வயிறு பின்னால் வருகிற வண்டியில் இருக்கிறது."