சிப்காட்டுக்கு ஒரு டிக்கெட்

காட்பாடியில் ஏறும்போது சிப்காட் என்றுதான் சொல்கிறேன்.
கண்டக்டர் கிழித்துத் தரும் சீட்டில்
கட்டணம் இருக்குமிடத்தில் பூஜ்யம்.
பெண்களுக்கு இலவசம்.
அதனால் திருவலத்திலேயே இறங்கிவிட்டாலும்
யாருக்கும் நட்டமில்லை என்று
முதல் நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
இன்று பதினோராவது நாள்.
சொல்லிக்கொள்வதில்லை.

இரும்புப் பாலத்தின் ஓரமாகச் சரிந்தால் பொன்னையாறு.
சித்தூர்ப் பக்கம் பெய்த புரட்டாசி மழை
இங்கே மணலுக்கு நடுவில் மூன்று கோடாக வருகிறது.
இடதுகோடிக் கோட்டையொட்டிச் சம்பு வளர்ந்த ஒரு திட்டு.
அங்கே உட்கார்ந்தால் பாலத்திலிருந்து தெரியாது.
(குடையை விரித்து அங்கே வைத்துவிட்டு
பாலத்தில் ஏறி நின்று பார்த்துவிட்டேன்.)

ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம்
அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்கிறதா என்று
எண்ணிக்கொண்டிருந்த கண் இது.
ஏழு என்றால் ஒதுக்கு.
ஒன்பது என்றாலும் ஒதுக்கு.
ஆனி மாதம் ஆர்டர் இல்லையென்று
எங்கள் லைனையே ஒதுக்கினார்கள்.
செட்டில்மென்ட் பணம் தை வரை தாங்கும்,
இழுத்துப் பிடித்தால் மாசி.

முதல் இரண்டு நாள் இங்கேயும் எண்ணினேன்.
நீர்க்காகம் முங்கி எழ இருபத்திரண்டு.
ரயில் பாலத்தில் சரக்கு வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி.
மூன்றாம் நாள் ஒரு வண்டி பாதியில் நழுவியது,
முப்பதோ முப்பத்தொன்றோ,
விட்டுவிட்டேன்.
தோள்பட்டையிலிருந்து ஏதோ இறங்கிப் போனது.
அது எப்போது ஏறி உட்கார்ந்தது என்றே தெரியாது.

ஃபைலில் பயோடேட்டா ஆறு நகல்.
ஒன்றில் வேர்க்கடலைத் தோல்.
ஒன்று, ஈரமணலில் உட்கார.
மீதி நான்கும் நல்ல நிலையில் இருக்கின்றன.

கன்சல்டன்சி பக்தவச்சலம் பதினொன்றரைக்கு அழைப்பார்.
ஆம்பூரில் ஒன்று இருக்கும்மா,
வயசுதான் கொஞ்சம், என்று இழுப்பார்.
போன் மணலில் அதிர்ந்து அதிர்ந்து
நண்டு மாதிரி
தனக்கென்று ஒரு சின்னக் குழி பறித்துக்கொள்ளும்.
எடுக்கக் கூடாதென்று இல்லை.
அந்த நேரம் பார்த்துத்தான் மீன்கொத்தி
கம்பியிலிருந்து கழுத்தைச் சாய்த்திருக்கும்.
இப்போது விழும், இதோ விழும்,
எப்படி எடுப்பது?

செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வந்தான்.
யூனிஃபார்ம். டிபன் பாக்ஸில் தண்ணீர்,
தண்ணீரில் இரண்டு கெண்டைக்குஞ்சு.
என்னைக் கண்டதும் நின்றான்.
“இன்னாக்கா, டீச்சரா நீ?”
“இல்ல.”
“எங்கம்மாவத் தெரியுமா?”
“தெரியாது.”
நிம்மதியாகத் தண்ணீரில் இறங்கினான்.
சட்டைப்பை ஒருபக்கம் பிரிந்து தொங்கியது,
அங்குலத்துக்கு ஐந்துகூட இராது.
நாக்கு நுனிவரை வந்ததை மென்று முழுங்கினேன்.
போகும்போது திரும்பி, நாளைக்கும் வருவியா என்றான்.
“வேலை கெடச்சா வரமாட்டேன்.”
“எனக்கு நாளைக்குக் கணக்குப் பரிட்சை,
கண்டிப்பா வருவேன்.”

பயம் இல்லாமல் இல்லை.
மூன்று மணிக்குச் சம்பு நிழல் நீளும்போது
அடிவயிற்றில் வாடகைத் தேதி புரளும்.
நாளைக்குப் பக்தவச்சலத்தைக் கூப்பிட வேண்டும் என்று
மணலில் விரலால் எழுதிவைப்பேன்.
நல்ல கையெழுத்து எனக்கு.
தண்ணீர் அதை உடனே அழிப்பதுமில்லை.
அரித்து அரித்து,
கடைசியில் ‘நாளைக்கு’ மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஐந்து இருபது பஸ்ஸில் வீடு.
வாசலில் செருப்பை உதறினேன்.
சிமெண்ட் தரையில் ஒரு கை மணல்,
மினுக்கு மினுக்கென்று, சந்தேகமில்லாத ஆற்றுமணல்.
ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த தணிகாசலம்
மணலைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார்.
இன்டர்வியூவில் இன்னா கேட்டாங்க என்று
பத்து நாளாகக் கேட்டவர்
பின்சக்கரம்வரை துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்துவிட்டு,
“ஆத்துல தண்ணி எம்மாம் வருது?” என்றார்.

“முட்டிக்கால் மட்டும்” என்றேன்.