தொண்ணூறு சென்டிமீட்டர்

வாசல் நிலையில் பென்சிலால் ஒரு கோடு.
நான் போட்டதுதான்.
தையல் டேப்பை மூன்று முறை வைத்துப் பார்த்து,
தரையிலிருந்து தொண்ணூறு.
அதற்குக் கீழே இருக்கும்வரை
மெட்ரோவில் பூரணிக்குக் காசில்லை.

காலையில் பல் தேய்க்கும் முன்
கோட்டின்கீழ் போய் நிற்பாள்.
குதிகால் தரையில் இருக்கிறதா என்று
நான் பார்ப்பேன்.
இருக்காது.

நாலு நடக்கிறது அவளுக்கு.
சட்டைப் பித்தானைத் தானே போடுவாள்,
ஒரு துளை தள்ளி.
அவிழ்த்துச் சரிசெய்யக் கூடாது.
வீட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்று
தினமும் ஒரு வழக்கு.
"எனக்கு எப்ப டிக்கெட் வாங்குவே?"
மூன்று மாதச் சம்பள பாக்கியைக்
கேட்பவனின் குரல் அது.

டிக்கெட் வந்ததும் செய்யப்போவதெல்லாம்
முடிவாகிவிட்டது:
எட்டு மணிக்குத் தூங்க மாட்டாள்.
அம்மாவின் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்
நைட் டூட்டியை நிறுத்தச் சொல்வாள்.
போகிற வழியில் தானே பார்த்து
ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொள்வாள்.

மயூர் விஹார் ஸ்டேஷன், சோதனை வரிசை.
இரண்டு கைகளையும் அகல விரித்து நிற்பாள்.
சீருடைக்காரர் சிரித்துவிட்டு, போ என்பார்.
அது அவளுக்குப் பொறுக்காது.
ஒரு நாள் ஃபிராக் பையில்
குழம்புக் கரண்டியோடு வந்தாள்.
கருவி கூவியது.
"யே க்யா ஹை, மேடம்?" என்றார் அவர்.
அந்த மேடம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள்.

கதவருகே வந்ததும் நான் ரகசியமாக
"கொஞ்சம் மடங்கி நட" என்பேன்.
போக வர, ஒரு லிட்டர் பால் மிச்சம்.
பிள்ளை வளரட்டும் என்று கீரை கடைந்து ஊட்டிவிட்டு
இங்கே வந்து வளராதே என்கிற தகப்பன்.
அவளோ சரியாக அங்கேதான்
ஒட்டகம்போல் கழுத்தை நீட்டுவாள்.

மார்ச்சில், ஒரு ஞாயிறு,
குதிகால் தரையில்தான் இருந்தது.
கோட்டைக் காணவில்லை.
தலை மறைத்துவிட்டது.

பழைய செருப்பும் கடித்தது.
கரோல் பாக் போகக் கிளம்பினோம்.
அவள் பெயரில் ஒரு கார்டு.
நாடா கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்;
யாரும் தொடக் கூடாது.
கதவில் அவளே வைத்தாள்,
எட்டி, இரண்டாம் முறை.
இறக்கைகள் விலகின.
போய்விட்டாள்.

என் கார்டை வைத்தேன்.
சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
அவளுக்கு வாங்கிய அவசரத்தில்
என்னுடையதில் காசு போட மறந்திருந்தேன்.

நடுவில் ஓர் இடுப்புயரக் கதவு.
அந்தப் பக்கம் மகள்.
இந்தப் பக்கம் என் முதுகை இடிக்கும் தில்லி.
"அங்கேயே நில்லு!"
அழுவாள் என்று நினைத்தேன்.
உதடு நடுங்கியது எனக்குத்தான்.
அவள் நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள்,
நகரும் படியை,
அதில் கைபிடிக்காமல் ஏறும் பெரியவர்களை,
பிறகு என்னை.
"காசு இல்லையா?
நான் வேணா வாங்கித் தரட்டா?"

கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டே
பின்பக்கமாக நடந்து கவுன்ட்டருக்குப் போனேன்.
நாலு பேர் காலை மிதித்தேன்.
திரும்பி வந்தபோது
சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள்,
சொன்னதற்காக இல்லை என்பதுபோல்.

வண்டியில் என் பக்கத்தில் உட்காரவில்லை.
ஓர் இடம் விட்டு உட்கார்ந்தாள்.
தரைக்கு ஒரு சாண் மேலே
கடிக்கிற செருப்பு ஆடியது.
ஜன்னலில் யமுனை போனது.
முகம் திருப்பாமல் கேட்டாள்:
"நீங்க எங்க இறங்கணும், அங்கிள்?"
"கரோல் பாக்."
"நானும் அங்கதான்."

அறிமுகமில்லாதவர்கள் அதற்குமேல்
என்ன பேசுவார்கள்.
இந்திரப்பிரஸ்தம் வந்தது.
மண்டி ஹவுஸ் வந்தது.
நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிக்
கண் சொக்கியது அவளுக்கு.
நடுவில் இருந்த காலி இடத்தில்
கொஞ்சம் சாய்ந்து,
இன்னும் அந்த அசல்மனிதக் குரலிலேயே:

"அங்கிள்,
ஸ்டேஷன் வந்தா எழுப்புங்க."