பக்கம் நூற்றுப் பதினேழு

சாட்சி மௌனம் என்று
அடைப்புக்குறிக்குள் தட்டியது நான்தான்.
பக்கம் நூற்றுப் பதினேழு, பதினான்காவது வரி.
எவ்வளவு நேர மௌனம் என்பதற்கு
என் எந்திரத்தில் விசை கிடையாது.

இன்று கிங்ஸ்டனில் மூன்று நீதிபதிகள்
குளிரூட்டிய அறையில்
அந்த வரியை விரல் வைத்துப் படிக்கிறார்கள்.
எனக்கு இங்கே மாற்றலாகி ஒரு வருஷம்.
என் எழுத்து எனக்கு முன்பே
வந்து சேர்ந்திருக்கிறது.

ஒன்றரை ஏக்கர் வழக்கு.
செயின்ட் எலிசபெத் சிவப்பு மண்,
வெங்காயத்தாளும் தைமும் விளைவது.
மழை பொய்த்த மாதங்களில்
கினிப் புல்லை அறுத்துப் போர்த்தி
இருக்கிற ஈரத்தை
எழுப்பிவிடாமல் காக்கவேண்டிய மண்.

ஆர்வில் எபாங்க்ஸ் சொன்னார்:
கடைசித் தவணை நான்கு லட்சம் டாலர்,
பிஸ்கட் டப்பாவில் வைத்து
சனிக்கிழமை அவள் கையிலேயே கொடுத்தேன்.
ரசீது கேட்கவில்லை.
என் ஞானஸ்நானத்தில் பாடியவளிடம்
எப்படிக் கேட்பது?

ஐசில்டா பார்ச்மென்ட் சொன்னாள்:
டப்பா வந்தது.
உள்ளே பிஸ்கட் இருந்தது.

சிரிப்பு என்றும் தட்டினேன்.
யார் சிரிக்கவில்லை என்பதற்கும்
விசை கிடையாது.

அந்த டப்பா இப்போது எங்கே, அம்மா?

அங்கேதான் அந்த மௌனம்.
பிறகு ஒரு வரி:
தையல் நூல் போட்டு வைத்திருக்கிறேன்.

அவரது வக்கீல் வங்கிச் சீட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்.
வெள்ளிக்கிழமை எடுத்த பணம், கனவான்களே,
சனிக்கிழமை எங்கே போகும்?
எங்கும் போகலாம் என்கிறார் நடுவில் இருப்பவர்,
கடுமையில்லாமல்.
கூண்டில் நின்றவளை நாங்கள் பார்க்கவில்லை.
நீதிபதி லிண்டோ பார்த்தார், நம்பினார்.
பார்த்தவர் முடிவைப்
படித்தவர் புரட்ட வேண்டுமானால்
பிழை கண்ணில் குத்த வேண்டும்.
இடப்பக்கத்துப் பெண் நீதிபதி
பேனா மூடியைத் திறந்து மூடுகிறார்.
நானாக இருந்தால் வேறுமாதிரி நினைத்திருப்பேன், என்கிறார்,
ஆனால் நான் அங்கே இல்லையே.

நான் இருந்தேன்.

அன்று மதியம் கரன்ட் போயிற்று.
மின்விசிறி நின்ற பிறகுதான்
வெளியே ரொட்டி வண்டியின் ஹாரன் கேட்டது.
நீதிபதி லிண்டோ
சிவப்பு நோட்டில் தன் கையால் குறிப்பெழுதுகிறவர்,
குனிந்த தலை.
வக்கீல் ஏதோ காகிதம் தேடிக்கொண்டிருந்தார்.
ஆர்வில் தன் ஷூவைப் பார்த்தபடி.
நான் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன்.
டப்பா எங்கே என்ற கேள்வி
ஐந்து பேர் உச்சந்தலைக்கு மேலே
தனியாக நின்றது.

நீதிபதி ஒருமுறை நிமிர்ந்தார், அது நிச்சயம்.
அவள் முகத்துக்காகவா ரொட்டி வண்டிக்காகவா
இன்றுவரை எனக்குத் தெரியாது.
சாட்சி நேராகப் பதில் சொன்னார் என்று
தீர்ப்பில் எழுதினார்.
நேர்மையான மனிதர். அதுவும் நிச்சயம்.
விண்டதை நான் எழுதினேன்,
கண்டதை அவர் எழுதினார்.
இடையில் ஒரு நிமிஷம்
யார் கணக்கிலும் வரவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடி.
செலவுத் தொகையோடு.

தாழ்வாரத்தில் ஆர்வில் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.
சட்டைப்பையில் வங்கிச் சீட்டு,
மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்தது.
மிஸ், நீங்கள் அங்கே இருந்தீர்களே,
உங்களுக்கு என்ன தோன்றியது?

தோன்றியதைத் தட்டுவதில்லை ஐயா, என்றேன்.
பதினெட்டு வருஷம் பழகிய பதில்,
சுலபமாக வந்தது.
நடப்பட்ட தாள் இன்னும் நிற்கிறது என்றார்,
மூன்று வாரத்தில் பிடுங்க வேண்டும்,
யார் பிடுங்குவது என்று
தீர்ப்பில் இருக்கிறதா?

இல்லை.

படிக்கட்டில் ஐசில்டா பார்ச்மென்ட்
பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.
இந்தமுறை குனியவில்லை நான்,
நன்றாகவே பார்த்தேன்.
அவள் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்,
உதடு அசைந்தது,
ஏழிலோ எட்டிலோ தவறி
மறுபடி முதலிலிருந்து.