மூன்று சிப்பமும் மூன்று கிலோவும்

சயான் கோலிவாடாவில் தெருநாய்கூட இன்னும் எழவில்லை.
நாலு மணி.
கறுப்புப் புட்டியிலிருந்து ஒரு மாத்திரை,
கொத்தமல்லி விதையளவு,
வெந்நீரோடு உள்ளே போகிறது.
இனி ஒரு மணி நேரம்
இந்த வாய்க்குள் காபிகூட வரக்கூடாது.
அறுபத்திரண்டு டப்பாவுக்குப் புளி கரைக்கிறேன்.

அரிசிமண்டித் தராசில் ஒருநாள்
என்னை நானே ஏற்றிப் பார்த்தேன்.
மூன்று சிப்பமும் மூன்று கிலோவும்.
மண்டிப் பையன் பழக்கதோஷத்தில்
சீட்டு எழுதி நீட்டினான்.
என்ன விலை போட்டிருந்தான் என்று
நான் பார்க்கவில்லை.

"தைராய்டு மந்தமாயிருக்கு" என்றாள் டாக்டர் ஃபிரோஸா.
காகிதத்தில் ஒரு பட்டாம்பூச்சி வரைந்தாள்.
எனக்கு அது
கல்யாண பேண்டுக்காரன் கழுத்துப் பட்டி மாதிரித் தெரிந்தது.
இருபது வருஷம் இரண்டு அடுப்போடு ஓடுகிறவளுக்குள்
ஒன்று சோம்பி உட்கார்ந்திருக்கிறது என்றால்
யார் நம்புவார்?
முத்துப்பேச்சி நம்பவில்லை.
"சோறு வடிக்கிறவ குண்டாத்தான் இருப்பா, விடுங்கக்கா."

மூன்றாம் மாடி வைஷாலி தாவ்டே
பெரிய டப்பாவோடு இறங்கி வந்தாள்.
வெனிலா.
இரண்டு கரண்டி, முந்நூறு மில்லி தண்ணீர்.
காலையும் மதியமும் இதுதான் சாப்பாடு,
ராத்திரி மட்டும் தட்டு.
மாசம் மூவாயிரத்து அறுநூறு.
ஓர் ஆளுக்கு மாசம் முழுக்க மதியச் சோறு போட
நான் வாங்குவதைவிட அதிகம்.
அதைச் சொன்னேன்.
சிரித்தாள், இருநூறு குறைத்தாள்.

குலுக்குகிற குவளைக்குள் ஒரு கம்பிப் பந்து.
களக் களக் களக்.
ஐந்து மணிக்கு, காபிக்குப் பதில்,
கொதிக்கிற சாம்பாரைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.
சுண்ணாம்பு போட்ட பாயசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு ஒரு சொட்டும் கூடாது என்று வைஷாலி சொன்னதைப்
பத்துக் கட்டளையோடு சேர்த்துக்கொண்டேன்.
உப்புப் பார்க்கக்கூட நாக்கை நீட்டவில்லை.
அது முத்துப்பேச்சி பொறுப்பு.
அவளுக்கு ரத்தக்கொதிப்பு,
உப்பில்லாமல் தின்று பழகிய நாக்கு.
எதை நக்கினாலும் "போதும்க்கா" என்பாள்.
ஒரே வாரத்தில் பதினோரு டப்பா
சீட்டோடு திரும்பி வந்தது.
ஒருவன் எழுதியிருந்தான்:
ரசமா, கை கழுவவா?

ஆறு வாரம்.
மூன்று சிப்பமும் ஒன்றரைக் கிலோவும்.
போன ஒன்றரைக் கிலோ எங்கிருந்து போனது என்று
ஜாக்கெட்டுக்கே தெரியவில்லை.
ரத்தம் கொடுத்தேன்.
இறங்க வேண்டியது ஏறியிருந்தது,
ஆறு இருந்த இடத்தில் பதினொன்று.

மாத்திரை எத்தனை மணிக்கு?
நாலு.
இந்த மாவு?
அஞ்சு.
டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தாள்.
"அதுல கால்சியம், இரும்பு, சோயா எல்லாம் இருக்கு.
மாத்திரையை உடம்புல சேரவிடாது.
குடிச்சா நாலு மணி நேரம் தள்ளிக் குடி.
மெதுவாத்தான் குறையும், விரட்டாதே."

ஆறு வாரமாக
தினமும் விடியுமுன் வாசல்வரை வந்து
திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது
ஒரு கொத்தமல்லி விதை.
பஸ் ஸ்டாப்பில் எனக்கு அழுகை வந்தது
அதற்காகத்தான்.

நேற்று அந்தேரி ஆபீஸ் சைமன்ராஜ் போன் செய்தான்.
"அக்கா, நாளையிலருந்து டப்பா வேண்டாம்.
வெயிட் குறைக்க ஷேக் குடிக்கிறேன்.
உங்க பில்டிங் மேடம்தான் தந்தாங்க."
தைராய்டு பார்த்தியா என்றேன்.
"அதெல்லாம் எதுக்குக்கா?"
பார்த்துடு, என்றேன்.
பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே,
உப்பு சரியா இருந்திருந்தா நிறுத்தியிருப்பியா, என்றேன்.
ரயில் சத்தம் கேட்டது.
லைன் போய்விட்டது.

இன்று நாலு மணிக்கு மாத்திரை.
ஐந்துக்குக் காபி,
டம்ளர் கொள்ளாத நுரையோடு.
வெனிலா எட்டரைக்கு,
பாதி டப்பா மிச்சமிருக்கிறது, காசு போட்டது.
உள்ளங்கையில் ஒரு சொட்டு ரசம் விட்டு நக்கினேன்.
கல்லுப்பு, ஒரு கைப்பிடி.
இன்னும் கொஞ்சம்.
முத்துப்பேச்சி முறைத்தாள்.

ஒன்பதரைக்குக் கீழே சைக்கிள் மணி அடிக்கிறது.
அறுபத்தொன்று கட்டியாயிற்று.
கை பழக்கத்தில்
அறுபத்திரண்டாவதையும் நிரப்பி வைத்திருக்கிறது.
மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.