சுண்டு விரல்

படத்தில் எனக்குக் கொடுத்தது கைகள் மட்டும்.
முகம் வேறு ஆள். ரோமம் வேறு ஆள்.
காட்டுக்கு மட்டும் பதினோரு பேர், கீழ்த்தளத்தில்,
இலை இலையாக.
சரவணம்பட்டியில் நாலாவது மாடி, ஏசி பதினெட்டு.
ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்புகூடக் கிடையாது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.
ஆற்றோடு வந்த குழந்தை, எடுத்து வளர்க்கும் மிருகங்கள்.
ஓநாய் வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்,
எல்லோரும் ஓநாய் எடுத்தாயிற்றாம்.
எங்கள் பையனுக்குக் கரடி,
பேச்சு ஓயாத ஓர் இருவாச்சி,
பாதிப் படத்தில் மனம் மாறும் செந்நாய்.
ஷாட் நாற்பதில் தவழ்கிறான்.
ஷாட் நாற்பத்தொன்றில் ஏழு வயது.
நடுவில் ஒரு பாட்டு, அதில் வளர்ந்துவிடுவான்.

நான் நாற்பத்தொன்றிலேயே நின்றுவிட்டேன்.
பாறை விளிம்பைப் பற்றியிருக்கும் கை.
நகமெல்லாம் பிறை பிறையாக,
பார்லர் போய்வந்த மாதிரி.

யார் வெட்டிவிட்டது?

மீட்டிங்கில் கேட்டேன்.
இடுப்புத் துணி எங்கிருந்து வந்ததென்று
போன வாரம் கேட்டவனுக்கு
'சென்சார்' என்று பதில் கிடைத்திருந்தது.
எனக்கு அதுவும் இல்லை.
லீடு நவநீதன் சிரித்தான்:
"நகத்த யாருங்க பாக்கப் போறாங்க?"

நான் வளர்ந்தது திருப்பூரில்,
வீரபாண்டிப் பிரிவு தாண்டி ஒரு பனியன் கம்பெனியில்.
அம்மா பவர்டேபிளில் இருந்தாள், பிறகு இல்லை.
எங்கே என்று கேட்டால்
எல்லோரும் ஒரே நேரத்தில் மிஷினை மிதிப்பார்கள்.

வேஸ்ட் மூட்டைக்குள் தூக்கம்.
நாள் முழுக்க உறுமும் ஓவர்லாக் வரிசை.
கரண்ட் போனால்தான் பயந்து அழுவேனாம்.
அயர்ன் மாஸ்டர் டீயில் நனைத்த வர்க்கி கொடுப்பார்.
ஒடிசாவிலிருந்து வந்த ஜுனுமணிக்கு
நாலே நாலு தமிழ் வார்த்தை தெரியும்,
அதில் ஒன்று என் பெயர்.

சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு
செக்கிங் மாராத்தாக்கா டிரிம்மரை எடுப்பாள்.
நாளெல்லாம் பிசிறு வெட்டிய அதே டிரிம்மர்.
"கையக் குடு அம்மிணி. ஆட்டாத.
ஆட்டுனீன்னா செகண்ட்ஸ்ல போட்டுருவாங்க."
ஒன்பது நகம் வெட்டுவாள்.
இடது சுண்டு விரலை மட்டும் வாயில் வைத்து,
கடிப்பதே தெரியாமல் கடித்துத் துப்புவாள்.
ஏனென்று கேட்டதில்லை. இன்றுவரை.

ஒரு ராத்திரி ஷிப்டில் எட்டுப் பிரேம் வரைந்தேன்,
ஸ்டோரி போர்டில் இல்லாத எட்டுப் பிரேம்.
தூங்குகிற பையன். குனிகிற கரடி.
தாடை எனக்கு வராது.
ரோமம் பார்க்கும் ஜெரினா
வேறொரு ஷாட்டிலிருந்து எடுத்துத் தந்தாள்,
எதற்கு என்று கேட்காமல்.
எட்டுப் பிரேம் என்பது
நீங்கள் ஒருதரம் இமைத்துத் திறக்கும் நேரம்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது.
கரடி குழந்தையைக் கடிப்பது போலிருக்கிறது,
பார்க்கிற பிள்ளைகள் பயந்துவிடும், நீக்கவும்.
நீக்கினேன்.
நீக்கிவிட்டு, நாற்பத்தொன்றைத் திறந்து,
அந்த ஒரு நகத்தை மட்டும்
கோணலாக்கினேன். ஒரு பிக்சல், ஒன்றரை பிக்சல்.
ரெண்டு ரவுண்டு ரிவ்யூ தாண்டிப் போய்விட்டது.

படம் வந்தபோது மாராத்தாக்காவைக் கூட்டிப் போனேன்.
முப்பரிமாணக் கண்ணாடியைத் தன் கண்ணாடிக்கு மேலே போட்டிருந்தாள்.
பாட்டு முடிந்தது. பாறை வந்தது. கை வந்தது.
இரண்டு வினாடிகூட இருக்காது.
என் தொடையைத் தட்டினாள்.

"அந்தப் பையனுக்குச் சுண்டு வெரல்ல
பிசிறு நிக்குது பாரு அம்மிணி.
பாக்காமயா உட்டாங்க?"

பிறகு பாப்கார்னை என் மடியில் வைத்துவிட்டுத்
தூங்கிப் போனாள்.
கரடி சாகும் காட்சியில் தியேட்டரே அழுதது.
அவள் எழவில்லை.