நவம்பர் 31

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
பதினேழு அறை லாட்ஜுக்கு
பில் போடும் புரோகிராம் எழுத உட்கார்ந்தேன்.
முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டது:
நாள் என்றால் என்ன?

"இன்னாம்மா கேள்வி இது? நாள்னா நாள்தான்,
பன்னெண்டுலேர்ந்து பன்னெண்டு."
அன்வர் பாஷா டீயை ஆற்றினார்.
ராத்திரி பதினொன்றுக்கு வந்தவர்களுக்கு, பாய்?
"அதுவும் ஒரு நாள்தான்."
பதின்மூன்று மணி நேரத்தில்
தீர்ந்துபோகும் நாள்.

ஆகவே இரண்டு வகை வைத்தேன்.
கால அளவு: நொடிகளால் ஆனது,
படிக்கல் மாதிரி எந்தத் தராசிலும் அதே எடை.
காலண்டர் துண்டு: நாள், மாதம், வருடம்,
தொட்ட இடத்தைப் பொறுத்து நீளும், சுருங்கும்.
இதை அதோடு கூட்டப் போனால்
கம்பைலர் பிடித்துக்கொள்ளும்.
மாசக்கணக்காய்ப் படுத்திருக்கிறார் என்றால்
அது எத்தனை மணி என்று கேட்காதே.

எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரே ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று,
கிரீன்விச் நள்ளிரவு: பூஜ்யம்.
வேலூரில் அப்போது காலை ஐந்தரை.
காலம் தொடங்குவதற்கு முன்பே
கோட்டை அகழிப் பக்கம்
யாரோ பல் விளக்கி முடித்திருப்பார்கள்.

ஒன்பதாம் அறையில் மொஃபிசுல், ஜொஹுரா,
பொரிஷாலிலிருந்து.
அவர் கைக்கடிகாரம் அரை மணி முன்னால் ஓடும்.
மாற்றவே இல்லை.
மகள் பள்ளிவிட்டு வரும் நேரம்
அதில்தான் தெரியுமாம்.

காலி செய்த அன்று
பில் கவுண்டர் வரிசையில் நின்று
பன்னிரண்டு பத்துக்கு வந்தார்கள்.
என் புரோகிராம் இன்னொரு நாள் வாடகை கேட்டது.
அன்வர் பாஷா மானிட்டரை முறைத்தார்,
பிறகு என்னை.
"வரிசைல நின்னத கழிம்மா."
மாறிலி ஒன்று சேர்த்தேன்.
அதன் பெயரே வரிசை. மதிப்பு, நாற்பத்தைந்து நிமிடம்.

மறுபடி வர ரூம் சொல்லி வைக்க வேண்டும்.
ஃபைலில் டாக்டர் கிறுக்கியிருந்தார்:
மூன்று மாதம் கழித்து.
அன்றைக்கு ஆகஸ்ட் முப்பத்தொன்று.
மாதத்தில் மூன்றைக் கூட்டினேன்.
கூச்சமே இல்லாமல் வந்து நின்றது
நவம்பர் 31.

சில மொழிகள் அதை வெட்டி முப்பது ஆக்கும்.
சில, டிசம்பர் ஒன்றுக்குத் தள்ளிவிடும்.
தொண்ணூறு நாள் என்று எண்ணினாலோ
இருபத்தொன்பதிலேயே நின்றுவிடும்.
எனக்குத் தெரிந்த இந்தியில் மொஃபிசுலிடம் கேட்டேன்,
அவர் ஜொஹுராவிடம் கேட்டார்.
அவள் ஸ்கேன் கவரால் விசிறிக்கொண்டே,
முப்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில்
டிக்கெட் கிடைக்கிறதா பாருங்கள் என்றாள்.
மூவரும் சிரித்தோம்.
எதையும் முடிவு செய்யாமல்
கவுன்டரில் இருப்பவரைக் கேள் என்று
ஒரு கிளை எழுதி மூடினேன்.
பிறகு தோல் கம்பெனி ஷிஃப்ட் கணக்கு வந்தது,
மறந்தும் போனேன்.

சத்துவாச்சாரியில் மழை பிடித்த ராத்திரி.
போனில் அன்வர் பாஷா.
"அந்த பொரிஷால்காரரு காட்பாடில எறங்கிட்டாராம்.
ஆட்டோல வந்துனுகீறாரு.
உன் பொட்டி தேதி கேட்டுக்கினு நிக்குது.
முப்பதா, ஒண்ணா? இன்னா போட?"

சுவரில் பதினொன்று நாற்பத்திரண்டு.
அவர் மணிக்கட்டில்
பன்னிரண்டு தாண்டிப் பன்னிரண்டு நிமிடம்.

அந்த அம்மாவும் வருதா, பாய்?

ஒரு நொடி.
எந்தத் தராசிலும் அதே எடை என்று
நான் எழுதி வைத்த நொடி.

"ரெண்டு பேரும்தான். வாந்தியாம்,
வெந்நீர் வெக்கச் சொன்னாரு."

அப்படியென்றால் நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள்,
நவம்பர் முப்பத்தொன்று.

இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது அதற்கு.